'இன்செல்' என்னும் சொல்: மன்னார்குடி சகோதரியின் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். இன்று எடுத்துக்கொள்ளும் கேள்வி, மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதி அனுப்பியது. அவருடைய சொற்களிலேயே அதைப் படிக்கிறேன். "ஐயா, என் மகனுக்கு 31 வயது ஆகிறது. பொறியியல் படித்தவன். அவன் அப்பா தவறிய பிறகு சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, எங்களுக்கு இருக்கும் முக்கால் வேலி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஐந்து வருடமாக வரன் பார்க்கிறோம், ஒன்றும் அமையவில்லை. சென்ற மாதம் ஒரு காதுகுத்து விருந்தில், கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன், பந்தியில் எல்லோர் முன்னிலையிலும் அவனை 'இன்செல்' என்று சொல்லிச் சிரித்தான். என் மகன் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? அது வசையா, நோயின் பெயரா, ஏதாவது கூட்டத்தின் பெயரா? மகனிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது."

சகோதரி, இந்தக் கேள்வியை நான் மூன்று நாள் வைத்திருந்து, படிக்க வேண்டியவற்றைப் படித்துவிட்டுத்தான் பேச உட்கார்ந்திருக்கிறேன். முதலில் உங்கள் கலக்கம் தீரும்படி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது நோயின் பெயர் அன்று. எந்த மருத்துவ வகைப்பாட்டிலும் அப்படி ஒரு நோய் கிடையாது. தன் தனிமையைச் சொல்லிக்கொள்ள ஒருவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயராக அது பிறந்தது. பிறகு பெண்களை வெறுக்கும் ஒரு கூட்டம் அதை எடுத்துக்கொண்டது. இன்று பொருள் அறியாத பிள்ளைகள் அதை யார்மீது வேண்டுமானாலும் வீசுகிறார்கள். உங்கள் மகன் இலையை மூடியது, அந்தச் சொல்லின் பிந்திய வரலாறு அவருக்குத் தெரிந்திருந்ததால்தான் என்று நினைக்கிறேன். வெறும் 'கல்யாணமாகாதவன்' என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் அதைப் பொறுத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்திருப்பார்.

இனிச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'இன்வாலன்டரி செலிபேட்' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலைப்பகுதிகளை ஒட்டவைத்ததே 'இன்செல்'. முதற்சொல்லுக்குத் தன் விருப்பத்தால் நேராதது என்று பொருள். இரண்டாவது சொல் 'கேலெப்ஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வருகிறது. ரோமாபுரியில் அது மணமாகாதவர் என்பதை மட்டுமே குறித்தது. உடலுறவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், கி.மு. 18இலும் கி.பி. 9இலும் கொண்டுவரப்பட்ட சட்டங்கள், மணமாகாதவர்கள் உயில் வழியாகச் சொத்துப் பெறுவதைத் தடுத்தன என்பதைப் பார்க்கும்போது, மணமாகாதவர்களை ஊரும் அரசும் குற்றவாளிகளைப் போல நடத்துவது எவ்வளவு பழைய வழக்கம் என்பது விளங்கும். பின்னர்க் கிறித்துவத் திருச்சபையில் குருமார்கள் மணம் செய்துகொள்ளக்கூடாது என்ற ஒழுங்கு படிப்படியாக உறுதிப்பட்டு, 1139இல் கூடிய சங்கத்தில் அவர்களுடைய திருமணமே செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு, அந்தச் சொல் மணமாகாமை என்ற பழைய பொருளிலிருந்து நகர்ந்து, இறைவனுக்காக ஏற்ற நோன்பு என்ற பொருளில் வேர்விட்டது.

அந்த நோன்பு நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதன்று. பூண்டியிலும் வேளாங்கண்ணியிலும் பங்குத்தந்தையரைப் பார்க்கிறோம். திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மடங்களில் தம்பிரான்களைப் பார்க்கிறோம். அவர்கள் மணம் செய்துகொள்ளாததை யாரும் குறையாகச் சொல்வதில்லை, ஏனென்றால் அது அவர்களாகத் தேர்ந்த வழி. இப்போது அந்த ஒட்டுச் சொல்லை மீண்டும் பாருங்கள். விரும்பாமல் ஏற்ற நோன்பு என்றால், அது எப்படி நோன்பாகும்? உலை வைக்க அரிசி இல்லாமல் பட்டினி கிடக்கிறவரைப் பார்த்து, இவர் விருப்பமில்லாத உண்ணாநோன்பு இருக்கிறார் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கிறது அந்தச் சொல். அதை ஆக்கியவர் இந்த முரணை அறியாமல் செய்யவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. துறவி என்றால் மதிக்கிறீர்கள், எனக்குத் துணை இல்லை என்றால் ஏளனம் செய்கிறீர்களே என்ற வருத்தம் அந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததிலேயே கேட்கிறது.

அதை ஆக்கியவர் ஒரு பெண். இதைப் பலர் நம்புவதில்லை. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் வாழ்ந்த ஒரு பல்கலைக்கழக மாணவி, தனக்குக் காதலோ துணையோ அமையாததைப் பற்றி மனம்விட்டுப் பேச இடமில்லாமல், 1997இல் இணையத்தில் ஒரு பக்கத்தைத் தொடங்கினார். அவர் தம் முழுப்பெயரை வெளியிட்டதில்லை. நாமும் அதை மதித்து, மாணவி என்றே சொல்வோம். ஆணாயினும் பெண்ணாயினும், நெடுநாள் தனியாக இருப்பவர், ஒருபோதும் துணையை அறியாதவர், கூச்சத்தாலோ தோற்றத்தாலோ உடற்குறையாலோ பழகத் தெரியாமையாலோ ஒதுங்கிப்போனவர் என எல்லோருக்கும் அந்த இடம் திறந்திருந்தது. முதலில் அவர் வைத்த சுருக்கம் 'இன்வ்செல்' என்பது. சொல்வதற்கு நா புரளவில்லை என்று அங்கு வந்தவர்களில் ஒருவர் சொல்ல, நடுவிலிருந்த ஓர் எழுத்து உதிர்ந்து 'இன்செல்' ஆயிற்று. தமக்குள் இருந்த தயக்கங்களைப் புரிந்துகொண்டு, தமக்கும் ஓர் உறவு அமைந்த பிறகு, ஏறத்தாழ 2000ஆம் ஆண்டில் அவர் அந்தப் பக்கத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகிவிட்டார்.

அந்தத் தொடக்கக் காலத்துப் பொருள் எவ்வளவு விரிந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெனிஸ் டானெல்லி என்ற சமூகவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த நிலையில் இருந்த 82 பேரிடம் கேட்டறிந்து 2001இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒருபோதும் உறவே இல்லாதவர்களும் இருந்தார்கள், முன்பு இருந்து இப்போது தனித்துப்போனவர்களும் இருந்தார்கள், கணவனோ மனைவியோ பக்கத்தில் இருந்தும் ஆண்டுக்கணக்கில் தொடுதலே இல்லாமல் வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். இந்த மூன்றாம் வகையைக் கேட்டவுடன் நம் தெருவிலேயே சில வீடுகள் நம் நினைவுக்கு வரும். மணமாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சு எவ்வளவு மேலோட்டமானது என்பதை அந்த ஆய்வு அன்றே காட்டிவிட்டது. யாரையும் பழிக்காமல், இது ஒரு வாழ்நிலை, இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற பார்வைதான் அப்போது அந்தச் சொல்லோடு இருந்தது.

பிறகு அது எப்படிக் கெட்டது? ஒரே நாளில் கெடவில்லை. துணை அமைந்தவர்கள் நன்றியோடு விலகிப்போனார்கள், அமையாதவர்கள் தங்கினார்கள். பெண்களும் மெல்ல மெல்ல விலகினார்கள். எஞ்சியவர்களில் கோபம் மிகுந்தவர்களின் குரல் உயர்ந்தது. எனக்குத் துணை வாய்க்கவில்லை என்று தொடங்கிய பேச்சு, எனக்கு வரவேண்டியதைப் பெண்கள் தர மறுக்கிறார்கள் என்று மாறியது. சகோதரி, இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதல் வாக்கியம் துன்பத்தைச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியம் ஒரு கடனைக் கேட்கிறது. யாரும் வாங்காத கடனை.

அந்தக் கூட்டத்துக்குள் ஒரு தனி மொழியே உருவாயிற்று. 1999இல் வந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தில், சிவப்பு மாத்திரையை விழுங்கியவனுக்கு மறைந்திருந்த உண்மை தெரியவரும். அதிலிருந்து கடன் வாங்கி, 'கருப்பு மாத்திரை' என்று ஒன்றைச் சொல்லிக்கொள்கிறார்கள். பிறவியில் அமைந்த தாடை எலும்பும் உயரமும் முகவெட்டும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன, நீ என்ன செய்தாலும் உன் வாழ்க்கை மாறாது, ஆகவே முயலாதே என்பதே அதன் சாரம். அழகனுக்கு 'சாட்' என்றும், அவன் விரும்பும் அழகிக்கு 'ஸ்டேசி' என்றும் பெயர். இவற்றை நான் விரிக்க விரும்பவில்லை. உங்கள் அண்ணன் மகன் இவற்றில் சிலவற்றைக் கைப்பேசியில் மீம்களாகப் பார்த்திருப்பான், அவ்வளவே.

ஆனால் அவர்கள் கணக்குப் போல ஒன்றைச் சொல்கிறார்களே, அதை மட்டும் எடுத்துப் பேச வேண்டும், ஏனென்றால் படித்த பிள்ளைகளே அதில் ஏமாறுகிறார்கள். நூற்றுக்கு 80 பெண்கள் மேல்தட்டிலுள்ள 20 ஆண்களைத்தான் விரும்புகிறார்கள், இது அறிவியல் விதி என்கிறார்கள். இந்த 80, 20 என்ற எண்கள் வில்பிரடோ பரேட்டோ என்ற இத்தாலியப் பொருளியலாளரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொத்தும் வருமானமும் மக்களிடையே எப்படிப் பங்காகியிருக்கின்றன என்று ஆராய்ந்தவர் அவர்; நாட்டின் நிலத்தில் பெரும்பங்கு சிறுபான்மையினர் கையில் இருந்தது என்பதே அவர் பெயரால் வழங்கும் செய்தி. தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு அது வியப்பைத் தராது. பண்ணைகளும் மடங்களும் வேலிக்கணக்கில் வைத்திருந்ததையும், உழுதவர்கள் ஒரு குழிகூட இல்லாமல் இருந்ததையும் நாம் அறிவோம். ஆனால் நிலத்தைப் பற்றிச் சொன்னதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெண்கள்மீது வைத்தால், பெண்களை நிலமாக்கிவிடுகிறோம். நிலத்துக்கு வாயில்லை, விருப்பமில்லை. பங்கு பிரித்தால் யார் கைக்கும் போகும். பெண்ணுக்கு மனம் இருக்கிறது. அந்தக் கணக்கின் பிழை எண்ணிக்கையில் தொடங்கவில்லை, இங்கே தொடங்குகிறது.

இந்த எண்ணம் சிலர் கையில் ஆயுதமாகவே முடிந்தது. 2014 மே 23ஆம் நாள் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஐலா விஸ்டா என்ற ஊரில், பெண்கள் தன்னைப் புறக்கணித்ததற்குப் பழிவாங்குவதாக எழுதிவைத்துவிட்டு, 22 வயது இளைஞன் ஒருவன் 6 மாணவர்களைக் கொன்றான். அந்த 6 பேரில் 4 பேர் ஆண்கள். பெண்கள்மீதான வெறுப்பு பெண்களோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்? 2017 நவம்பரில் ரெடிட் என்ற இணைய உரையாடல் தளத்தை நடத்தும் நிறுவனம், ஏறத்தாழ 40,000 பேர் சேர்ந்திருந்த, இந்தப் பெயரையே கொண்ட ஒரு குழுவை மூடியது. 2018 ஏப்ரல் 23ஆம் நாள், இந்தச் சொல்லை ஆக்கிய மாணவி வாழ்ந்த அதே டொராண்டோ நகரில், நடைபாதையில் போய்க்கொண்டிருந்தவர்கள்மீது ஒருவன் வேனை ஏற்றினான். 10 பேர் அப்போதே இறந்தார்கள், படுகாயமுற்ற இன்னொருவர் 2021இல் இறந்தார். ஏற்றுவதற்குச் சற்று முன்பு அவன் இந்தக் கூட்டத்தின் பெயரைச் சொல்லிக் கிளர்ச்சி தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தான்.

அந்த மாணவிக்கு அப்போது நடுவயது. தாம் ஆக்கிய ஒன்று போர்க்கருவியாக மாறுவதைப் பார்க்கும் அறிவியலாளரின் நிலையில் தாம் இருப்பதாக அவர் சொன்னார். சொல்லைத் திரும்பப் பெற முடியாது, அது நல்லவர்களுக்கு மட்டும் பயன்பட வேண்டும் என்று வேலி கட்டவும் முடியாது என்று வருந்தினார். ஆயினும் ஒதுங்கிவிடாமல், 'அன்பு, கோபமன்று' என்று பொருள்படும் பெயரில், தனித்திருப்பவர்களுக்கு எப்படி உதவலாம் என்று ஆராயும் ஒரு முயற்சியை 2018இல் தொடங்கினார். இந்தப் பெண்மணியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. மழைக்கு ஒதுங்குவதற்காக ஒருவர் கட்டிவைத்த திண்ணையில் இருந்துகொண்டு, வழியில் போகிறவர்கள்மீது கல்லெறிந்தால், கட்டியவர் என்ன செய்வார்?

இதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளும் எல்லோரும் கொலைகாரர்கள் அல்லர். மிகப் பெரும்பாலோர் யாரையும் தீண்டுவதில்லை. மனச்சோர்வும் தனிமையும் அவர்களிடம் மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் தொடர்ந்து காண்கிறார்கள். அந்த வெறுப்பு வெளியே போகாதபோது தன்மேலேயே திரும்புகிறது. ஆகவே அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சவும் வேண்டும், இரங்க வேண்டிய இடத்தில் இரங்கவும் வேண்டும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றும் சிலர் முன்பு என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 'விருப்பமற்ற பிரம்மச்சரியம்' என்று எழுதுகிறார்கள். அது ஆசையே இல்லாதவர் என்று பொருள்பட்டு நேர்மாறாகப் போய்விடுகிறது. 'கட்டாயப் பிரம்மச்சரியம்' என்றால் யாரோ கட்டாயப்படுத்தியதாக ஆகிறது. அதுதான் அந்தக் கூட்டத்தின் வாதமே. 'துணை வாய்க்காமை' என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. வாய்த்தல் என்ற வினையில், ஒருவர் பிடுங்கிக் கொள்வதும் இல்லை, இன்னொருவர் தர மறுப்பதும் இல்லை. மழை வாய்த்தது, விளைச்சல் வாய்த்தது என்கிறோம். மேட்டூர் அணை 2012 முதல் தொடர்ந்து 8 ஆண்டுகள், குறுவைப் பயிருக்கு வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12இல் திறக்கப்படாமல், 2020இல்தான் மீண்டும் அந்த நாளில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் குறுவை வாய்க்கவில்லை என்றுதான் நம் உழவர்கள் சொன்னார்கள். யார்மீதும் கோபமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் விதையின்மீது யாரும் கோபப்படவில்லை.

நம் இலக்கணம் இந்த நிலையை அறியாததன்று. தொல்காப்பியம் சொல்லும் ஏழு திணைகளில் முதலாவதாக நிற்பது கைக்கிளை. கை என்பது ஒரு பக்கம், கிளை என்பது உறவு. ஒரு பக்கத்து உறவு. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு காவிரிக்கரையிலேயே இருக்கிறது. உறையூர்ச் சோழன் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, தந்தையோடு பகைகொண்டு வெளியேறி, கூழுண்டு வாழ்ந்த காலத்தில், நக்கண்ணையார் என்ற பெண் அவன்மேல் காதல்கொண்டு பாடிய மூன்று பாடல்கள் புறநானூற்றில் 83, 84, 85ஆம் பாடல்களாக உள்ளன. அவன் கூழுண்டும் பருத்த தோளோடு இருக்கிறான், நான் அவன் இருப்பிடத்துக்கு அருகிலேயே இருந்தும் பசலை பூத்துப் பொன்னிறம் ஆனேன் என்கிறார் ஒரு பாட்டில். கைவளை கழல்வதைப் பார்த்துவிடுவாளோ என்று தாய்க்கு அஞ்சுகிறார். அவனைத் தழுவலாம் என்றால் அவையினருக்கு அஞ்சுகிறார். அவன்மேல் ஒரு குற்றச்சாட்டும் அந்தப் பாடல்களில் இல்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு துணை வாய்க்காத துன்பத்தைத் தன் பெயரிட்டுச் சொன்னவரும் ஒரு பெண், 1997இல் சொன்னவரும் ஒரு பெண் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் நம் மரபில் எல்லாம் அப்படிச் சாந்தமாக இருந்தது என்று சொல்லி நான் தப்பிக்கப்போவதில்லை. மடலேறுதல் என்று ஒரு வழக்கு நம் பாடல்களில் வருகிறது. காதலி கிடைக்காத ஆண், பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை அணிந்து, அவள் பெயரையும் உருவையும் ஏந்தி ஊர்த்தெருவில் வருவான். அந்த அவமானத்துக்கு அஞ்சியாவது பெண்வீட்டார் இசைய வேண்டும் என்பது அதன் உள்நோக்கம். பெண் மடலேறக்கூடாது என்று இலக்கணமும் சொல்கிறது. ஒரு பெண்ணின் மறுப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்து அழுத்தம் கொடுக்கும் பழக்கத்துக்கு நம்மிடமும் வேர் உண்டு. அன்றாடப் பேச்சைக் கவனியுங்கள்: பெண் கேட்டுப் போனோம், பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தோம், பெண் கிடைக்கவில்லை. பெண்ணைக் கைமாறும் பொருளாகவே எல்லா வினைகளும் வைக்கின்றன. இப்படிப் பேசிப் பழகிய காதில், எனக்குத் தர மறுக்கிறார்கள் என்ற அந்த வாதம் விழும்போது, அது அயலாகவே கேட்பதில்லை. நம் பிள்ளைகள் எளிதில் அதில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

உண்மையிலேயே விருப்பத்துக்கு மாறாகத் துணையின்றி வைக்கப்பட்டவர்கள் நம் ஆற்றங்கரை ஊர்களில் இருந்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பாட்டி வாழ்ந்தார். ஒன்பது வயதில் மணம், பதினோரு வயதில் தாலி இழப்பு. பெண்ணின் மணவயதை 14 ஆக்கிய சார்தா சட்டம் வந்தது 1929இல். அதற்கு முந்திய கதை இது. கைம்பெண் மறுமணம் செல்லும் என்று 1856லேயே சட்டம் வந்திருந்தும், அது அவர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. மழித்த தலையோடு, அறுபது ஆண்டுகளுக்கு மேல், கொல்லைப்புற அறையிலும் அடுப்படியிலும் அவர் வாழ்ந்து முடித்தார். விருப்பமின்றி வாய்த்த துறவு என்ற தொடர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துவது அவருக்குத்தான். அவருக்கு ஒரு பெயரும் யாரும் இட்டுத் தரவில்லை. தன் நிலையைச் சொல்லி அழ ஓர் இடமும் இருந்ததில்லை. வரதட்சணைக்கு வழியின்றியும், தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதற்காகவும் நின்றுபோன பெண்களை 'முதிர்கன்னி' என்று ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டு நாம் நகர்ந்துவிட்டதும் இதே வழியில்தான்.

இனி உங்கள் மகனுக்கு வருகிறேன். விவசாயம் பார்க்கும் மாப்பிள்ளைக்குப் பெண் அமைவதில்லை என்பது திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. பெண்கள் குறைந்துபோனார்கள் என்று சிலர் எளிதாகக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,000 ஆண்களுக்கு 996 பெண்கள் இருந்தபோது, தஞ்சாவூர் மாவட்டத்தில் 1,035 பெண்கள் இருந்தார்கள். ஆண்கள் பலர் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போனதும் அதற்குள் அடங்கியிருக்கிறது என்றாலும், எண்ணிக்கை மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது தெளிவு. ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாத வருமானம், சாதிக்குள், அதிலும் உட்பிரிவுக்குள் மட்டுமே தேடுவது, பத்துப் பொருத்தமும் செவ்வாய் தோஷமும் பார்த்துக் கழிப்பது, பெண் படித்திருக்க வேண்டும் ஆனால் மாட்டுக்கொட்டகையும் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என எல்லாம் சேர்ந்துதான் வரன் தட்டிப்போகிறது. படித்த ஒரு பெண், மாமியார் வீட்டுக் கிராமத்தில் தன் படிப்புக்கு வேலை இல்லை என்று எண்ணி மறுத்தால், அதில் உங்கள் மகன்மேல் குறையும் இல்லை, அந்தப் பெண்மேல் குற்றமும் இல்லை.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் திருமணஞ்சேரிக்கு நீங்களும் போய் வந்திருப்பீர்கள். உத்வாகநாதர் சன்னதியில் மாலை வாங்கிக்கொண்டு, மணமான பிறகு இணையாக வந்து அதைச் செலுத்த வேண்டும் என்ற வேண்டுதலோடு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்! ஆண்களும் பெண்களும், இருபத்தைந்து வயதினரும் நாற்பத்தைந்து வயதினரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். அங்கே யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. அந்த மாணவி 1997இல் உண்டாக்க விரும்பிய இடம் ஏறத்தாழ அப்படிப்பட்டதுதான் என்று சொன்னால் உங்களுக்கு எளிதில் விளங்கும். உங்கள் மகன் அந்த வரிசையில் இருப்பவர். அவர் நிலைக்கு வரன் அமையாதவர் என்ற பெயர் போதும். ஒரு கூட்டத்தின் கொள்கையைச் சுமக்கும் பெயரை அவர்மேல் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை.

உங்கள் அண்ணன் மகனைக் கூப்பிட்டுத் தனியே உட்காரவைத்து, டொராண்டோவில் நடந்ததைச் சொல்லுங்கள். வேனை ஏற்றியவன் தன்னை என்ன பெயரில் அழைத்துக்கொண்டானோ, அந்தப் பெயரைத்தான் நீ உன் அத்தை மகன்மேல் பந்தியில் போட்டாய் என்று சொல்லுங்கள். அவன் தெரிந்து சொல்லியிருக்க மாட்டான். தெரிந்த பிறகு அவனே வந்து மன்னிப்புக் கேட்பான் என்று நம்புகிறேன்.

மகனிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டாம். வரனைப் பற்றியும் தொடங்க வேண்டாம். அன்றைக்குப் பாதியில் எழுந்துவிட்டாயே, அம்மாவுக்கு அது இன்னும் உறுத்துகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் பேசத் தொடங்கினால் இடைமறிக்காமல் கேளுங்கள். நடவு நாளிலோ அறுவடை நாளிலோ வேண்டாம். வரப்பு வேலை இல்லாத ஒரு மாலையில், வாசலில் உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள். கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எனக்கு அமையவில்லையே என்று வருந்தினால் அது இயல்பான துன்பம், பக்கத்தில் இருந்தால் போதும். பெண்கள் எல்லோரும் இப்படித்தான், இனி முயன்று பயனில்லை, என் முகத்துக்கு எதுவும் நடக்காது என்று பேசினால், அல்லது இரவெல்லாம் கைப்பேசியோடு இருந்து, நண்பர்களையும் விட்டு ஒதுங்கினால், அவர் அந்தக் கருப்பு மாத்திரைப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற சொல் ஒருமுறை வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அவர் அழைக்கத் தயங்கினால் முதலில் நீங்கள் அழைத்து, ஒரு தாயாக என்ன செய்யலாம் என்று கேளுங்கள். நீங்கள் பேசி முடித்த பிறகு, மீண்டும் எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். அதை இங்கே படிக்காமல், உங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.